ஊறலைக் கொட்டிவிட்டால் ஊர் சுத்தமாகிவிடுமா? கிளியனூர் வட்டாரத்திலிருந்து ஒரு மதுவிலக்கு வரலாறு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கிளியனூர். தெற்கே கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. வடகிழக்கே போனால் மரக்காணம் கடற்கரை. 2023 மே மாதம் அந்தக் கடற்கரையில் உள்ள எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பகுதியிலும் சாவுகள் நடந்தன. இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து 20 பேருக்கு மேல் போனார்கள். ஓர் ஆண்டு கழித்து, 2024 ஜூனில், பழைய விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியில் 65 பேருக்கு மேல் இறந்தார்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரம் பட்டியல் சாதி மக்கள் பெருமளவில் வாழும் பகுதி.

இரண்டு முறையும் கைது, பணியிடை நீக்கம், தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம், விசாரணை என்று வரிசையாக நடந்தன. விற்றவன் யார், காய்ச்சியவன் யார், மாமூல் வாங்கியவன் யார் என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்த விஷத்தில் மிச்சமானது எங்கே போனது? அதை யார் அப்புறப்படுத்தினார்கள்? இனி இந்தத் தெருவில் ஆபத்து இல்லை என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு நம் சட்டத்தில் விடை இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள 140 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். இளம் தோழர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

காய்ச்சுவது எப்போது குற்றமானது?

1886இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. அதன் நோக்கம் யாரையும் குடியிலிருந்து மீட்பதல்ல. கள்ளும் சாராயமும் அரசின் வருவாய் என்பதைச் சட்டமாக்குவதுதான். மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், காய்ச்சுவதற்கு உரிமம் என்று எல்லாம் அரசின் கைக்குப் போனது. உரிமம் எடுக்கும் வசதி யாரிடம் இருந்தது? நிலமும் பணமும் வைத்திருந்த சாதிகளிடம். கடையை அவர்கள் எடுத்தார்கள். குடித்தவர்களில் பெரும்பகுதி உழைக்கும் மக்கள். உரிமம் இல்லாமல் காய்ச்சியதற்காகப் பிடிபட்டவர்களும் உழைக்கும் மக்கள்தான்.

இதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். கள்ளச்சாராயம் என்ற சொல்லில் உள்ள "கள்ளம்" உடலுக்குக் கெடுதி என்பதைச் சொல்ல வந்ததல்ல. அரசுக்குப் பணம் கட்டாததுதான் கள்ளம். முதல் சட்டம் கஜானாவைப் பாதுகாக்கப் பிறந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பிறவிக் குணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சேலத்திலிருந்து ஓமந்தூர் வரை

1937இல் ராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அரசு மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் முதலில் அமலானது. பிறகு சில மாவட்டங்களுக்கு விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்காத ஏழையும் கடையில் நின்று கொடுக்கும் வரியின் வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

மாகாணம் முழுவதும் அதைக் கொண்டுவந்தவர் நம் வட்டாரத்துக்காரர். திண்டிவனம் அருகேயுள்ள ஓமந்தூரில் பிறந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். கோயில் நுழைவு உரிமைச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஆகியவை 1947இல் அவர் ஆட்சியில் வந்தன. அந்த வகையில் அவருக்கு நம் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதே ஆட்சியில், 1948 அக்டோபர் 2 காந்தி பிறந்தநாளில், மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் ஓமந்தூரிலிருந்து சில மணி நேரம் நடந்தால் எட்டிவிடும் புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954 நவம்பர் வரை அது வேறு நாடு. அங்கே மதுக்கடை திறந்திருந்தது. ஒரே தெருவின் ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் புதுச்சேரி என்று இருக்கும் ஊர்களை இன்றும் இந்தப் பகுதியில் பார்க்கலாம். ஒரு பக்கம் விலக்கு, ஒரு பக்கம் விற்பனை என்று ஆனபோது கடத்தல் ஒரு தொழிலானது. வண்டி வைத்திருந்தவன் முதலாளி. கேனைத் தலையில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வழியாக நடந்தவன் கூலி. சோதனைச் சாவடியில் மாட்டியவன் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பேத்கர் என்ன சொன்னார்?

மதுவிலக்கு என்றால் தலித் இயக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஆதரித்தது என்று இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். குடிப்பழக்கத்துக்கு எதிரான குரல் நம் முன்னோடிகளிடம் வலுவாகவே இருந்தது. ஆனால் குடிக்கு எதிராகப் பேசுவது வேறு, அரசின் மதுவிலக்குச் சட்டத்தை ஆதரிப்பது வேறு.

1951இல் முதல் பொதுத் தேர்தலுக்காகப் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கையில் அண்ணல் அம்பேத்கரின் நிலைப்பாடு தெளிவாக இருக்கிறது. மதுவிலக்கைக் கைவிட வேண்டும் என்று அது கேட்டது. காரணங்கள் உணர்ச்சிவசப்பட்டவை அல்ல, கணக்குப் போட்டவை. மதுவிலக்கால் காய்ச்சுவது வீட்டுக்குள் நுழைந்து குடிசைத் தொழிலாகிவிட்டது. முன்பு ஆண்களோடு நின்ற குடி, வீட்டிலேயே காய்ச்சப்படுவதால் பெண்களையும் குழந்தைகளையும் தொடுகிறது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் போக வேண்டிய பெரும் வருவாய் போய்விட்டது. இதுதான் வாதத்தின் சாரம்.

இதில் நமக்குத் தேவையான கூர்மை ஒன்று இருக்கிறது. தடைச் சட்டம் ஒரு பொருளை ஒழிப்பதில்லை, அந்தப் பொருள் இருக்கும் இடத்தை மாற்றுகிறது என்று அம்பேத்கர் பார்த்தார். கடையில் இருந்தது குடிசைக்கு வருகிறது. அப்படியானால் அந்த ஆபத்தைச் சுமக்க வேண்டியதும் குடிசைதான். 1951இல் எழுதப்பட்ட அந்த எச்சரிக்கையைக் கருணாபுரத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

திறப்பதும் மூடுவதும்

1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974இல் மீண்டும் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி தளர்த்தியது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1987இல் சாராயக் கடைகள் மூடப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனையே டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. இத்தனை திருப்பங்களுக்கு நடுவிலும் 1937ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. மாநிலம் முழுவதும் மது விற்கும் அரசு, இன்றும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் அதை விற்கிறது!

1982இல் இன்னொரு சட்டம் வந்தது. நாம் பேச்சுவழக்கில் குண்டர் சட்டம் என்கிறோமே, அதன் முழுப்பெயரில் முதலில் நிற்பவர்கள் குண்டர்கள் அல்ல, கள்ளச்சாராயக்காரர்கள். வழக்கு விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024 ஜூன் இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. தண்டனை ஆயுள்சிறை வரை போனது, அபராதமும் உயர்ந்தது. குற்றத்துக்குப் பயன்பட்ட அசையும் சொத்துகளைப் பறிமுதல் செய்யவும், உரிமமில்லாத குடிப்பிடங்களை மூடி சீல் வைக்கவும் வழி செய்யப்பட்டது.

சீல் வைக்கலாம். பறிமுதல் செய்யலாம். அழிக்கலாம். இந்த மூன்று வினைகளோடு சட்டம் நின்றுவிடுகிறது. சுத்தம் செய்வது என்ற வினை அதில் இல்லை.

ஊறல் போய் மெத்தனால் வந்தது

பழைய காய்ச்சலில் ஊறல் என்பது வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய். சீக்கிரம் புளிக்கவும் போதை ஏறவும் உரமும் நவச்சாரமும் சேர்க்கும் கொடுமையும் நடந்தது. போலீஸ் வந்தால் பானையை உடைக்கும், பேரலைக் கவிழ்க்கும். மறுநாள் செய்தித்தாளில் இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு என்று படம் வரும். கவிழ்த்தது எங்கே போனது? பள்ளத்தில், ஓடையில், ஏரி வாய்க்காலில். புளித்த ஊறல் ஓடையில் சேர்ந்தால் தண்ணீரிலுள்ள உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும், மீன் செத்து மிதக்கும். அந்த ஓடையில் இறங்கும் மாடு யாருடையது, அந்தத் தண்ணீரை எடுப்பவர் யார் என்று பறிமுதல் மகஜரில் எழுதுவதற்கு இடமில்லை.

மரக்காணத்திலும் கள்ளக்குறிச்சியிலும் வந்தது இந்த ஊறலே அல்ல. அது மெத்தனால். பெயின்ட், வார்னிஷ், மருந்து என்று பல தொழில்களில் பயன்படும் ரசாயனம். மெத்தில் ஆல்கஹாலுக்கும் வார்னிஷுக்கும் தமிழ்நாட்டில் 1959இலேயே தனி விதிகள் எழுதப்பட்டன. ஆபத்து அரசுக்குத் தெரியாததல்ல. 2001இல் பண்ருட்டிப் பகுதியில் 50 பேருக்கு மேல் இறந்ததும் இந்த மாநிலத்தில்தான்.

மெத்தனால் பார்வைக்குத் தண்ணீர் போல இருக்கும். வாசனையில் சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கண் நரம்பு முதலில் கெடுகிறது, பிறகு உயிர் போகிறது. குடித்தவுடன் எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலியும் பார்வை மங்கலும் வரும். அதற்குள் அதே கேனிலிருந்து இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள்.

மரக்காணம் வழக்கில் மெத்தனால் சென்னைப் பகுதியிலிருந்த ஒரு தொழிற்சாலைச் சரக்கிலிருந்து கைமாறி வந்தது என்று விசாரணை சொன்னது. அதாவது விஷம் உற்பத்தியானது குப்பத்தில் இல்லை. தொழிற்சாலையின் கதவிலிருந்து வெளியே வந்து, இடைத்தரகர்களைக் கடந்து, கடைசியில் பாக்கெட்டாகக் குப்பத்தின் கைக்கு வந்தது.

மிச்ச விஷத்தை யார் கொடுப்பார்கள்?

மெத்தனால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்காது. நுண்ணுயிர்கள் அதைச் சில நாட்களிலேயே சிதைத்துவிடும். ஆகவே மெத்தனால் விஷயத்தில் பெரிய ஆபத்து மண்ணில் இல்லை. வீட்டுப் பரணில், கூரைச் செருகலில், வேட்டி மடிப்பில் இருக்கும் பாக்கெட்டில் இருக்கிறது.

கருணாபுரத்தில் முதல் சாவுகள் நடந்தபோது அவை கள்ளச்சாராயச் சாவு அல்ல என்று மாவட்ட நிர்வாகம் மறுத்தது. அந்த மறுப்பு நின்ற நேரத்தில் மக்கள் அதே சரக்கைக் குடித்தார்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்களும் குடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. பிறகு ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

இப்போது ஒரு கூலித் தொழிலாளியின் இடத்தில் நின்று யோசிப்போம். பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். தன் வீட்டிலும் அதே பாக்கெட் இரண்டு இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் யாரிடம் கொடுப்பது? மதுவிலக்குச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி வைத்திருப்பதே குற்றம். காவல் நிலையத்துக்குப் போனால் வழக்கு. வழக்கு வந்தால் வேலை போகும், மகனின் படிப்புக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சிக்கல் வரும். ஒளித்து வைப்பான், அல்லது சாக்கடையில் ஊற்றுவான், அல்லது "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று குடித்துவிடுவான். விஷத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் செய்திருப்பது சட்டம்தான்.

அமெரிக்காவும் பீகாரும்

உலகில் வேறு எங்கும் இதை யோசிக்கவில்லையா? யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மெத் என்ற போதைப்பொருளை வாடகை வீடுகளிலும் ஓட்டல் அறைகளிலும் காய்ச்சும் கொடுமை பரவியது. ஒரு பவுண்டு மெத் தயாரித்தால் 5 முதல் 6 பவுண்டு நச்சுக் கழிவு மிஞ்சும் என்று கணக்கிட்டார்கள். போலீஸ் ஆளைப் பிடித்துப் போன பிறகு, அந்த வீட்டுக்கு அடுத்துக் குடிவரும் குடும்பத்தின் குழந்தை அந்தச் சுவரைத் தொட்டு விளையாடும். ஆகவே மாநிலங்கள் தனிச் சட்டங்கள் போட்டன. கலிபோர்னியா 2005இல் இயற்றிய சட்டத்தின்படி உள்ளூர்ச் சுகாதார அலுவலர் இடத்தைச் சோதிப்பார். மாசு இருந்தால் குடியிருக்கத் தடை போட்டு அறிவிப்பு ஒட்டுவார். சொத்தின் உரிமையாளர் தன் செலவில் தகுதி பெற்றவர்களைக் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். பாதுகாப்பானது என்று சான்று வந்த பிறகே ஆள் குடிபோகலாம். 2009இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

அங்கும் குறைகள் உண்டு. செலவு தாங்காமல் வீட்டைக் கைவிட்டவர்கள் உண்டு. ஆனால் குற்றம் ஒரு கேள்வி, மாசு வேறொரு கேள்வி என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்த்தது. முதலாவதைப் போலீசிடமும் இரண்டாவதைச் சுகாதாரத் துறையிடமும் கொடுத்தது.

நம் நாட்டில் பீகார் எதிர்த்திசையில் போனது. 2016இல் முழு மதுவிலக்கு வந்தபோது, ஊருக்கே கூட்டு அபராதம் போடும் பிரிவை அந்தச் சட்டத்தில் வைத்தார்கள். மது கிடைத்த வீட்டையே பறிமுதல் செய்ய வழி வைத்தார்கள். கைதானவர்களில் பட்டியல் சாதியினர் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக இருந்தார்கள். 2018இல் கூட்டு அபராதப் பிரிவை எடுக்க வேண்டி வந்தது. 2022 டிசம்பரில் அதே பீகாரின் சரண் மாவட்டத்தில் விஷச் சாராயத்துக்குப் பல பத்துப் பேர் பலியானார்கள். வீட்டைப் பறித்தாலும் விஷம் போகவில்லை.

அசுத்தம் யார் தலையில்?

நம் சமூகத்தில் சுத்தம் என்ற சொல் ஒருபோதும் வெறும் சுகாதாரச் சொல்லாக இருந்ததில்லை. அசுத்தத்தை உண்டாக்குபவன் ஒருவன், அதை அள்ளுபவன் இன்னொருவன், அசுத்தமானவன் என்று பெயர் வாங்குபவனும் அந்த அள்ளுபவனே. இதுதான் சாதி. சாராயத்திலும் அதே கணக்குதான் ஓடுகிறது. மெத்தனால் வெளியேறிய தொழிற்சாலை இருக்கும் ஊரை யாரும் விஷ ஊர் என்று சொல்வதில்லை. குடித்துச் செத்தவர்களின் தெரு மட்டும் சாராயக்காரத் தெரு ஆகிவிடுகிறது.

வேங்கைவயலை மறந்துவிட வேண்டாம். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூவரும் தலித்துகள். திண்டிவனத்தில் பிரபா கல்விமணியும் தோழர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை ஏன் தொடங்கினார்கள் என்று படித்துப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியாத குற்றங்களை எல்லாம் இருளர் தலையில் கட்டும் பொய் வழக்குகளுக்கு எதிராகத்தான் அந்தச் சங்கம் வளர்ந்தது. தண்டனையைக் கூட்டும் ஒவ்வொரு திருத்தமும் வரும்போது நமக்கு வரும் அச்சம் இந்த அனுபவத்திலிருந்து வருவது. ஆயுள்தண்டனை என்ற ஆயுதம் தொழிற்சாலைக்காரன் மீது பாயுமா, பாக்கெட் விற்ற விதவைப் பெண்மீது பாயுமா?

நாம் கேட்க வேண்டியது

விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும், வானூர், திண்டிவனம் சட்டமன்றத் தொகுதிகளும் தனித் தொகுதிகள். நம் வாக்கில் வென்றவர்களிடம் நாம் இவற்றைக் கேட்க வேண்டும்.

முதலாவது, விஷச் சாராயச் சந்தேகம் எழுந்தவுடன், குறிப்பிட்ட சில நாட்களுக்கு, தன்னிடம் உள்ளதை ஒப்படைப்பவர் மீது வழக்கு இல்லை என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். வாங்கிக் குடிப்பவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு, விற்பவருக்கு அல்ல. ஒப்படைக்கும் இடம் காவல் நிலையமாக இருக்கக் கூடாது, ஆரம்ப சுகாதார நிலையமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஊறலையும் ரசாயனத்தையும் ஓடையிலும் ஏரியிலும் கொட்டி அழிப்பதைத் தடுக்கும் விதி வேண்டும். அழித்த இடம், அளவு, முறை மூன்றும் ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து முடிவைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, இந்த வேலையைத் தூய்மைப் பணியாளர் தலையில் கையுறைகூட இல்லாமல் கட்டக் கூடாது. பயிற்சியும் கவசமும் தனிக் கூலியும் இல்லாமல் ரசாயனத்தைத் தொடச் சொல்வது சாக்கடைக்குள் இறக்குவதற்குச் சமம்.

நான்காவது, செலவை ரசாயனத்தைத் தவறவிட்ட நிறுவனத்திடம் வசூலிக்க வேண்டும். கண் போனவர்களின் வாழ்நாள் சிகிச்சையும் அந்தச் செலவில் சேரும். இறந்தவருக்கு 10 லட்சம் கொடுத்துவிட்டு, பார்வை இழந்து உயிரோடு இருப்பவரை மறந்துவிடும் நிவாரணம் பாதி நிவாரணம்.

மாணவத் தோழர்கள் இதற்காகச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது. உங்கள் வட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை லிட்டர் ஊறல், எங்கே, எப்படி அழிக்கப்பட்டது என்று மதுவிலக்கு அமல் பிரிவிடம் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபைகளில் அந்த விடையை வாசிக்கலாம், தீர்மானம் கேட்கலாம். பதில் வராவிட்டால் அதையும் சபையில் சொல்லலாம்.

மது அரசுக்கு எவ்வளவு கொடுத்தது என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்கு வருகிறது. அது நம் தெருக்களில் எதை விட்டுப்போனது என்ற கணக்கை இதுவரை யாரும் எழுதவில்லை. அதை எழுதத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.